ஊருக்குச் சொந்தமான மலைமுகடு

31 வருடம் ஏப்ரல் மாதம் என்றால் எனக்குத் தேர்வுத்தாள்தான். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். அப்புறம் வந்த முதல் ஏப்ரலில், 2025இல், தம்பியைக் கூட்டிக்கொண்டு நேபாளம் போனேன். மியாக்தி மாவட்டத்தில் தொடங்கி அன்னபூர்ணா மலைகளுக்குத் தெற்கே உள்ள முகடுகளின் மேல் 11 நாள் நடந்தோம்.

இமயமலை என்று சொன்னதும் எவரெஸ்ட் பக்கமா என்று எல்லாரும் கேட்டார்கள். நாங்கள் போனது மொஹரே டாண்டா, கோப்ரா டாண்டா என்ற இரண்டு இடங்களுக்கு. டாண்டா என்றால் நேபாளியில் மலைமுகடு. பக்கத்திலேயே புகழ்பெற்ற பூன் ஹில் இருக்கிறது. சூரிய உதயம் பார்க்க அங்கே விடிவதற்கு முன்பே நூற்றுக்கணக்கானவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். மொஹரே அதைவிட உயரம், ஏறத்தாழ 3,300 மீட்டர். அதே மலைகள்தான் அங்கேயும் தெரிகின்றன. நாங்கள் இருந்த அன்று மொஹரே உச்சியில் மொத்தம் ஒன்பது பேர், விடுதியில் சமைக்கிறவர்களையும் சேர்த்து.

ஆனால் அமைதிக்காக மட்டும் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2007இல் மகாவீர் புன் என்ற நேபாள ஆசிரியருக்கு மகசேசே விருது கிடைத்தது. அந்தச் செய்தியை நாளிதழில் பார்த்து வெட்டி, பாடக்குறிப்பு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். அவர் பிறந்த ஊர் நாங்கி. இந்தப் பாதையில் வரும் ஊர்தான். மகர் இனத்தவர் வாழும் மலைக்கிராமம். அவர் அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பி, அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளியை வளர்த்தெடுத்தார். யாரோ கொடுத்த பழைய கணினிப் பாகங்களை மரப்பெட்டிக்குள் பொருத்திப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஓடையிலிருந்து சின்னதாக மின்சாரம் எடுத்தார்கள். தொலைபேசிக் கம்பி வராத அந்த ஊருக்கு, மலை உச்சிகளில் மரத்திலும் கம்பத்திலும் ஆண்டெனாவைக் கட்டி, 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் இணையத்தைக் கொண்டுவந்தார்கள். மாவோயிஸ்ட் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பொக்ரா நகரத்திலிருந்து வரும் அலையை வாங்கிக் கீழே ஊர்களுக்கு அனுப்பிய ரிலே நிலையம் இருந்தது மொஹரே உச்சியில்தான்.

என் பள்ளியில் அப்போது ஒரு கணினிகூடக் கிடையாது. மரப்பெட்டிக் கணினி என்ற அந்தச் சொல் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசைக்கு 18 வருடம் வயது.

சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில். அங்கிருந்து பேருந்தில் சொனௌலி எல்லை. இந்தியர்களுக்கு விசா வேண்டாம். வாக்காளர் அட்டை போதும். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டோம். நம் ஒரு ரூபாய்க்கு நேபாள ரூபாய் 1.60, அது மாறாத கணக்கு. பால்பா மலைகளின் வழியாகப் பொக்ரா வரும் பேருந்துச் சாலை எலும்பை எண்ணவைக்கும். பொக்ராவில் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச்சீட்டு எடுத்தோம். சார்க் நாட்டினருக்கு 1,000 நேபாள ரூபாய். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டினர் வழிகாட்டியோடுதான் நடக்கவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. எங்களோடு வந்த பையனுக்கு 26 வயது, மகர். தம்பி பம்பாயில் 20 வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இருவருக்கும் இந்தியில் பேச்சு நன்றாக ஓடியது. பையன் என்னை ‘திதி’ என்றான். அக்கா என்று அர்த்தம். தம்பியை ‘தாய்’ என்றான். அது அண்ணன். என் தம்பியை யாரோ ‘தாய்’ என்று கூப்பிடுவதற்குக் காது பழக இரண்டு நாள் ஆனது.

பேனியைத் தாண்டி, காளி கண்டகி ஆற்றங்கரையில் கலேஷ்வர் என்ற ஊரில் நடக்கத் தொடங்கினோம். அங்கே ஒரே பெரிய பாறையின் மேல் சிவன் கோயில் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு ஏறினோம்.

முதல் நாள் பாதை முழுக்கப் படிக்கட்டு. கல் படி. வெயில் காலை 9 மணிக்கே முதுகில் ஏறிவிட்டது. இடையிடையே அரசும் ஆலும் சேர்ந்து வளர்ந்த மேடைகள் வரும். சௌத்தாரி என்கிறார்கள். மேடையில் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் ஆள் உட்காரலாம். மேல் அடுக்கு, உட்காருகிறவரின் முதுகுச்சுமை சரியாகப் போய் அமருகிற உயரத்தில் இருக்கும். மலைக்காரர்கள் டோக்கோ என்ற மூங்கில் கூடையில் சாமான் ஏற்றி, நாம்லோ என்ற பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் சுமக்கிறார்கள். யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி, அதேபோல யார் உதவியும் இல்லாமல் திரும்ப ஏற்றிக்கொள்ள அந்த அடுக்கு.

நான் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எங்கள் ஊர் வயல்வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கல் நட்டு மேலே ஒன்றைக் கிடத்தியது. பிள்ளை சுமந்தபடியே இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக வைத்தது என்று ஆச்சி சொல்லுவார். இங்கேயும் இறந்தவர்களின் நினைவாகத்தான் பல சௌத்தாரிகளைக் கட்டுகிறார்கள் என்று வழிகாட்டி சொன்னான். செத்தவருக்குப் புண்ணியம், நடப்பவருக்கு நிழல். எங்கள் ஊர்க் கல்லைச் சாலை அகலப்படுத்தியபோது எடுத்துவிட்டார்கள். இங்கே அந்தக் கல்லின் வேலை இன்னும் நடக்கிறது. ஒரு அம்மா வந்தார், கூடையை மேல் அடுக்கில் சாய்த்தார், மூச்சு விட்டார், எங்களைப் பார்த்துச் சிரித்தார், போனார்.

அன்று இரவு பான்ஸ்கர்க்கா என்ற ஊரில் தங்கினோம். சுமார் 1,500 மீட்டர் உயரம். தால் பாத், அதாவது பருப்பும் சோறும், கேட்டால் எங்கும் கிடைக்கும். வழிகாட்டி சமையலறைக்குள் போய்ப் பேசிவிட்டு, “திதி, டிண்டோ சாப்பிடுவீர்களா?” என்றான். வெண்கலத் தட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு குவியல் வந்தது. பக்கத்தில் குந்த்ருக் சாறு. கீரையைப் புளிக்கவைத்துக் காயப்போட்டு எடுத்து வைத்துக்கொள்வது அது. தம்பி ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

“அக்கா, களி!”

கேழ்வரகுக் களியேதான். அவர்கள் கேழ்வரகை கோதோ என்கிறார்கள். மெல்லாமல் விழுங்கவேண்டும் என்று அந்த வீட்டு அம்மா சைகையில் சொல்லிக்கொடுத்தார். அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று தம்பி இந்தியில் சொல்ல, அவர் இன்னொரு கரண்டி கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த நாள் மதியம் நாங்கி. 2,300 மீட்டர். மலைச்சரிவில் கல் வீடுகள், அடுக்கடுக்காகக் கேழ்வரகும் உருளைக்கிழங்கும் விளையும் படிவயல்கள், நடுவில் தட்டையாக ஒரு பெரிய மைதானம், அதைச் சுற்றிப் பள்ளிக்கூடம். ஊரின் மிகச் சமமான நிலத்தைப் பள்ளிக்குக் கொடுத்திருக்கிறார்கள். மலைக்காரர்களுக்குச் சமநிலம் எவ்வளவு அருமை என்று இரண்டு நாள் படி ஏறியவர்களுக்குத் தெரியும்.

இங்கே விடுதி எந்தத் தனியாருக்கும் சொந்தமில்லை. சாமுதாயிக் லாட்ஜ் என்கிறார்கள். சமுதாயம் என்று நாம் சொல்லுகிற அதே சொல். ஊர்க்குழு நடத்துகிறது. சமைப்பதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் ஊரிலிருந்தே ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறது. மிஞ்சுகிற பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. மொஹரே, ஸ்வாந்தா, சிஸ்திபாங், கோப்ரா என்று வழிநெடுக இதே ஏற்பாடு. நாங்கியில் வேறு வழிகளிலும் வருமானம் தேடுகிறார்கள். லோக்தா என்ற செடியின் பட்டையை வேகவைத்து இடித்துக் கையால் காகிதம் செய்கிறார்கள். அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தேன். துணிபோல இருந்தது. பூச்சி அரிக்காது என்பதால் நேபாளத்தில் பத்திரங்களும் பழைய ஏடுகளும் இந்தக் காகிதத்தில்தான் எழுதப்பட்டன.

பள்ளி ஆண்டு முடிந்த நேரம். வகுப்பு இல்லை. ஆனாலும் மைதானத்தில் பிள்ளைகள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் ஒருவர் வந்து கதவைத் திறந்து காட்டினார். இப்போது மரப்பெட்டிகள் இல்லை, சாதாரணக் கணினிகள். பழைய பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அதைக் கேட்டு வருகிற ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன் என்றார். நானும் ஆசிரியை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, “கரும்பலகையைத்தான் முதலில் பார்த்தீர்கள்” என்றார்.

அவரிடம் சம்பளக் கணக்கு கேட்டேன். அரசாங்கம் தருகிற பணியிடங்கள் போதாது. மீதி ஆசிரியர்களை ஊரே வைத்துக்கொள்கிறது. விடுதிப் பணம் அதற்கும் உதவுகிறது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் 100 ரூபாயும் 200 ரூபாயுமாகச் சேர்த்து ஒரு டீச்சருக்கு மாதச் சம்பளம் போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு மாதம் குறைந்தால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூசும். இங்கே ஒரு வழிப்போக்கர் படுத்து எழுந்து, தால் பாத் சாப்பிட்டுவிட்டுப் போனால் அதில் ஒரு பங்கு வகுப்பறைக்கு வந்துவிடுகிறது. இதை யோசித்தவர்களை நினைத்து அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. விடுதி ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் அதில்தான் இருக்கிறது.

நாங்கியில் இன்னொரு நாளும் இருந்தோம். பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். பத்து வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை, உங்கள் ஊரில் எந்த மலை என்று கேட்டாள். பொதிகை என்றேன். அகத்தியர் இருக்கிற மலை, எங்கள் ஆறு அங்கே பிறக்கிறது, எங்கள் மொழியே அங்கே பிறந்தது என்று சொல்லுவோம் என்றெல்லாம் தம்பி வழியாகச் சொன்னேன். எவ்வளவு உயரம்? 1,868 மீட்டர். அவள் மைதானத்தைப் பார்த்தாள், பிறகு கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தாள். “அப்படியானால் உங்கள் மலை எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கீழே இருக்கிறது” என்றாள். கேலியே இல்லை. கணக்குப் போட்டுச் சொன்னாள். அப்புறம் ஒரு விளக்கமும் கொடுத்தாள். பனி இருந்தால்தான் ஹிமால். மரம் இருந்தால் அது டாண்டா. உங்களுடையது டாண்டா.

மாலையில் தண்ணீர்க்குழாய் பக்கம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். இந்திய ராணுவத்தின் கோர்க்கா படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மலைகளில் வீட்டுக்கு ஒருவராவது ஏதாவது ஒரு நாட்டின் படையில் இருந்திருப்பார்கள். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், “தண்ணி” என்றார். “வாங்க. போங்க.” திகைத்துப் போனோம். 1987இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவராம். அந்த மூன்று சொல்தான் மிச்சம் என்றார். வேறு ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். நானும் கேட்கவில்லை. பிறகு எழுந்து, எங்கள் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி, குழாயில் நிரப்பிக் கொடுத்தார்.

நாங்கியிலிருந்து மொஹரே 1,000 மீட்டர் ஏற்றம். முழுக்கக் காடு. ஏப்ரல் நடுவில் லாலி குராஸ் பூத்து நிற்கிறது. நேபாளத்தின் தேசிய மலர். நீலகிரியிலும் கோடைக்கானலிலும் உச்சிப் புல்வெளி ஓரத்தில் நிற்கும் காட்டுப்பூவரசு இதே இனம்தான். அங்கே குட்டையாகக் காற்றுக்கு வளைந்து நிற்கும். இங்கே நெட்டை மரங்கள், பாசி தொங்கும் கிளைகள். கீழே இரத்தச் சிவப்பில் இருந்த பூ, ஏற ஏற ரோஜா நிறத்துக்கு வெளுத்து, மேலே கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டது. பாதையெல்லாம் உதிர்ந்த பூ. மிதிக்காமல் நடக்க முடியாது.

மதியத்துக்கு மேல் மேகம் ஏறி ஆலங்கட்டி கொட்டியது. இந்த மாதத்தில் இது தினப்படி வழக்கம். ஆகவே விடிந்ததும் கிளம்பி 2 மணிக்குள் விடுதியைப் பிடித்துவிடவேண்டும். நாங்கள் பிடிக்கவில்லை. அறுபது வயதுக் கால் அதன் போக்கில்தான் நடக்கும். நனைந்து போய்ச் சேர்ந்தபோது, விடுதிப் பெண் எதுவும் கேட்காமல் இரும்பு அடுப்பின் பக்கத்தில் எங்கள் காலுறைகளைக் காயப்போட்டார். சன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

காலை 5 மணிக்குக் கதவைத் திறந்தேன்.

மலை எங்கே இருக்கும் என்று அடிவானத்தைத் தேடினேன். அங்கே இல்லை. கழுத்தை இன்னும் நிமிர்த்த வேண்டியிருந்தது. மேகம் என்று நினைத்த இடத்தில் தௌலாகிரி நின்றது. 8,167 மீட்டர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 30 வருடத்துக்கு உலகத்திலேயே உயரமான மலை என்று இதைத்தான் நினைத்திருந்தார்கள். வெளிச்சம் முதலில் அதன் நுனியில் பட்டு, குங்குமம் கரைவதுபோல மெல்லக் கீழே இறங்கியது. வலப்பக்கம் நீலகிரி. ஆமாம், அதே பெயர். இந்த நீலகிரி 7,000 மீட்டருக்கு மேல். அப்புறம் அன்னபூர்ணா தெற்குச் சிகரம், ஹியுஞ்சுலி, கடைசியாகத் தள்ளி நிற்கிற மச்சபுச்சிரே. மீன் வால் என்று அர்த்தம். 1957இல் ஒரு ஆங்கிலேயக் குழு அதன் உச்சிக்குச் சுமார் 50 மீட்டர் கீழே வரை போய்த் திரும்பியது. அதன் பிறகு ஏற அனுமதி இல்லை. புனித மலை என்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

நாங்கள் ஒன்பது பேரும் ஒன்றும் பேசவில்லை. விடுதிப் பெண் எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, அவரும் ஒரு டம்ளரோடு நின்று பார்த்தார். தினமும் பார்க்கிற மலைதானே என்று தம்பி கேட்டான். தினமும் தெரியாதே என்றார். அந்த நேரத்தில் கீழே கொஞ்சம் தள்ளிப் பூன் ஹில் முகட்டில் சின்னச் சின்ன விளக்குகள் தெரிந்தன. அவர்களும் பாவம், எங்களைப்போல ஆசையோடு வந்தவர்கள்தான். ஆனால் ஒரே ஒரு பள்ளத்தாக்கு தள்ளி இந்த இடம் இருக்கிறது என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

அன்று கோரேபானி பக்கம் இறங்கி, சித்ரே வழியாக மாலையில் ஸ்வாந்தா சேர்ந்தோம். ஏப்ரல் 14. நமக்குச் சித்திரை ஒன்று. விக்ரம ஆண்டு 2082 அவர்களுக்கும் அன்றுதான் பிறந்தது. சூரியன் மேஷத்தில் நுழைகிற அதே கணக்கு. விடுதி முற்றத்தில் பெண்கள் செல்ரொட்டி சுட்டார்கள். அரிசி மாவைக் கரைத்துக் கையால் எண்ணெயில் வளையமாக ஊற்றி எடுப்பது. பிறந்த வீட்டை விட்டு எங்கோ வந்திருக்கிறோம் என்ற நினைப்பே அன்று எனக்கு வரவில்லை. காலையில் மாங்காய்ப் பச்சடி இல்லாத குறை ஒன்றுதான்.

ஸ்வாந்தா விடுதியில் சாலையைப் பற்றிப் பேச்சு வந்தது. நாங்கி வரை ஜீப் வந்துவிட்டது. மற்ற ஊர்களுக்கும் மண்சாலை வெட்டுகிறார்கள். நாங்கள் இரண்டு இடத்தில் பழைய கல்படியைச் சாலை தின்றுவிட்டதைப் பார்த்தோம். நடக்க வருகிறவர்களுக்கு இது வருத்தம். எனக்கும் இருந்தது. விடுதி அம்மா தன் இரண்டாவது பிரசவத்துக்கு டோக்கோவில் உட்காரவைத்து ஒருநாள் முழுக்கச் சுமந்து இறக்கினார்கள் என்று சொன்னார். அதைக் கேட்ட பிறகு என் வருத்தத்தை நான் எடுத்து வைத்துவிட்டேன். சாலை வரட்டும். அதோடு அந்தக் கல்படியையும் ஓரத்தில் காப்பாற்ற முடியும் என்றால் அதைத்தான் கேட்கவேண்டும். படி போய்விட்டால் நடப்பவர்கள் வரமாட்டார்கள், விடுதி காலியாகும், வகுப்பறைக்கு வரும் பங்கும் நின்றுபோகும்.

ஸ்வாந்தாவிலிருந்து சிஸ்திபாங், அங்கிருந்து கோப்ரா. இரண்டு நாளில் 1,400 மீட்டருக்கு மேல் ஏற்றம். மரங்கள் குட்டையாகி, மூங்கில் புதராகி, பிறகு புல் மட்டும். கோப்ரா டாண்டா சுமார் 3,660 மீட்டர். விடுதி முகட்டின் விளிம்பிலேயே இருக்கிறது. பின்பக்கம் நின்றால் அன்னபூர்ணா தெற்குச் சிகரம் தலைக்கு மேல். முன்பக்கம் நிலம் சட்டென்று விழுந்துவிடுகிறது. அந்தப் பள்ளத்தின் அடியில் ஒரு வெள்ளி நூல். நாங்கள் நடக்கத் தொடங்கிய அதே காளி கண்டகி. அதற்கு அப்பால் தௌலாகிரி, குறுக்கே எதுவும் இல்லாமல்.

தௌலாகிரியும் அன்னபூர்ணாவும் இரண்டும் 8,000 மீட்டரைத் தாண்டியவை. இடையே தூரம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அந்த இடைவெளியில் ஆறு 2,500 மீட்டர் உயரத்துக்கும் கீழே இறங்கி ஓடுகிறது. மலை எழும்புவதற்கு முன்பே ஆறு இருந்ததாம். மலை எழ எழ ஆறு அறுத்துக்கொண்டே இருந்தது. இமயமலை எழுவதற்கு முன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்த உயிர்களின் சுருள் ஓடுகள் கல்லாகி இந்த ஆற்றில் உருண்டு வருகின்றன. நம் வீட்டுப் பூசையறையில் இருக்கிற சாளக்கிராமம் அதுதான். ஆற்றின் மேல்பக்கம், அந்த மலைகளுக்குப் பின்னால், முக்திநாத். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் என்று அதைக் கொள்கிறார்கள். திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரம் பாடியிருக்கிறார். சோழநாட்டுக்காரர் ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் இந்த ஆற்றின் தலத்தைத் தமிழில் பாடிவிட்டார் என்று நினைத்தபடி அந்த விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆச்சி சம்படத்தில் வைத்திருந்த கறுப்புக் கல் நினைவுக்கு வந்தது. அது இந்தப் பள்ளத்திலிருந்து எத்தனை கை மாறி அம்பாசமுத்திரம் வந்திருக்கும்!

கோப்ராவிலிருந்து ஒருநாள் ஏறினால் கயேர் என்ற ஏரி. 4,500 மீட்டருக்கும் மேலே. கரையில் வராஹி கோயில். ஆவணி அவிட்டப் பௌர்ணமியன்று, அவர்கள் ஜனை பூர்ணிமா என்கிற அன்று, சுற்றுவட்டார ஊர்களெல்லாம் அங்கே நடந்து போகின்றன. ஏறி இறங்க 8 மணி நேரமாவது வேண்டும். விடியும் முன் கிளம்புவது என்று முடிவு செய்து படுத்தோம். எனக்கு அந்த ஏரி மிகவும் வேண்டியிருந்தது.

இரவு 2 மணிக்குத் தம்பி எழுப்பினான். “அக்கா, தலை விண்ணு விண்ணுனு தெறிக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு.” வழிகாட்டியை எழுப்பினேன். அவன் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், சில கேள்வி கேட்டான், நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தான். உயரத்தால் வருகிற தலைவலி. இந்த அறிகுறிகளோடு இன்னும் மேலே போகக்கூடாது என்பதில் இரண்டு பேச்சு இல்லை. குறையவில்லை என்றால் இறங்கவேண்டும். குடிக்கத் தண்ணீரும் பூண்டு ரசமும் கொடுத்தார்கள். காலையில் வலி பாதியாகக் குறைந்திருந்தது. தம்பி, “நீ போயிட்டு வா அக்கா, நான் இங்க இருக்கேன்” என்றான். வழிகாட்டி ஒருவன்தான். அவன் என்னோடு வந்தால் இவனை யார் பார்ப்பது? “ஏலே, சும்மா படு” என்று போர்வையைப் போர்த்திவிட்டேன்.

அன்று முழுக்கக் கோப்ராவிலேயே இருந்தோம். ஏரிக்குப் போகிற பாதை மஞ்சள் புல்லின் மேல் ஒரு கோடாகப் போய் ஒரு பாறைத் தோளில் மறைகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கமாகத்தான் இருந்தது. 60 வயதில் இன்னொரு முறை இங்கே வருவேன் என்று யார் சொல்ல முடியும்? விடுதி அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் ஒரு கத்தியை எடுத்தேன். அவருக்கு இந்தி தெரியாது. எனக்கு நேபாளி தெரியாது. ஒரு கூடைக் கிழங்கையும் உரித்து முடித்தோம். நடுவில் ஒரு டாண்பே வந்து முற்றத்துக்குக் கீழே மேய்ந்தது. அது நேபாளத்தின் தேசியப் பறவை. மயில் கழுத்து நிறமும் செம்பு நிறமும் வெயிலில் மாறி மாறி மின்னின. அந்த அம்மா என் கையைத் தொட்டு, சத்தம் போடாதே என்று விரலை உதட்டில் வைத்தார்.

மாலையில் சூரியன் தௌலாகிரிப் பக்கம் சாய்ந்தது. பின்னால் அன்னபூர்ணா தெற்குச் சிகரம் முழுவதும் சிவந்தது. தம்பி போர்வையோடு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். தலைவலி போய்விட்டது என்றான்.

இறங்கிய பாதை பாயெலி, தோபாத்தோ, தடாபானி, காந்த்ருக். தடாபானியில் பெரிய பாதையோடு சேர்ந்ததும் கூட்டம், பாட்டுச் சத்தம், பெயர்ப்பலகைகள். காந்த்ருக்கில் குருங் இனத்தவரின் வீடுகள் அழகு. ஆனால் என் மனம் அங்கே தங்கவில்லை. ஜீப் ஏறிப் பொக்ரா வந்துவிட்டோம்.

யாராவது போக நினைத்தால் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முடிய பூவுக்காகப் போங்கள். தெளிந்த வானம் வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பர். பொக்ராவிலேயே பணத்தை மாற்றிச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கியில் ஒருநாள் கூடுதலாக இருங்கள். டிண்டோ கேட்டுச் சாப்பிடுங்கள். கோப்ராவில் இரண்டு இரவு தங்கிவிட்டு ஏரியைப் பற்றி யோசியுங்கள்.

ஊருக்கு வந்த பிறகு, ஜூனில் சாரல் விட்ட ஒரு காலையில், பாபநாசம் சாலையிலிருந்து பொதிகையைப் படம் எடுத்தேன். மேகம் விலகி உச்சி நன்றாகத் தெரிந்தது. நாங்கி ஆசிரியரின் எண்ணுக்கு அனுப்பி, அந்தப் பெண் குழந்தையிடம் காட்டச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வகுப்பில் எல்லாருக்கும் காட்டினாராம். நல்ல டாண்டா என்று அவள் சொன்னாளாம். உச்சியில் விடுதி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாளாம்.